கடலோரக் கேரவன் பூங்காவில் முதல் முறை தங்கப் போகிறவர்களுக்கு: காற்றைக் கேட்டு இடம் பிடியுங்கள்

முதல் தடவை குழந்தைகளோடு ஒரு கடலோரக் கேரவன் பூங்காவில், அதாவது வீடுபோல் அமைத்த கேரவன் வண்டிகளிலோ கூடாரத்திலோ தங்க இடம் தரும் வளாகத்தில், தங்கப் போனபோது, வாசல் கடலைப் பார்க்கும்படி கூடாரம் அடித்தோம். சாயங்காலம் வரை உள்ளே படுத்தபடியே அலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு வானிலை மாறியது. கடலிலிருந்து எழுந்த காற்று அந்த வாசல் வழியாகவே நேராக உள்ளே புகுந்து, கூடாரத்தை ஊதிய பலூனைப் போல் தூக்கியது. ஒரு கம்பு வளைந்தது, நாலு முளை பிடுங்கிக்கொண்டது. பக்கத்துக் கேரவனில் இருந்த வயதான அம்மா டார்ச்சோடு ஓடிவந்து, பிள்ளைகள் இருவரையும் தன் கேரவனுக்குள் அழைத்துப்போய்ப் படுக்க வைத்தார். விடிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கடல் எங்கேயும் ஓடிப்போகாது. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக் கூடாரம் அடி."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய்விட்டோம். வந்து சேர்ந்த முதல் இரண்டு மணி நேரத்தை ஒழுங்காகச் செலவிட்டால் மீதி நாட்கள் தானாக நன்றாக அமையும் என்பதுதான் என் அனுபவம். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

எதில் தங்குவது

இந்தப் பூங்காக்களில் பொதுவாக மூன்று வகை உண்டு. முதலாவது, அங்கேயே நிரந்தரமாக நிற்கும் பெரிய கேரவன். படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும், நீங்கள் துணிமணியோடு போனால் போதும். இரண்டாவது, காரின் பின்னால் பூட்டி இழுத்துவரும் கேரவன், அல்லது வண்டியே வீடாக இருக்கும் மோட்டார்ஹோம். மூன்றாவது கூடாரம்.

முதல் முறை போகும் குடும்பத்துக்கு நிரந்தரக் கேரவனை இரண்டு மூன்று ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பதையே நான் சொல்வேன். பூங்காவின் நடைமுறை, கடலின் குணம், பிள்ளைகளுக்கு இது பிடிக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கூடாரம்தான் வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன் ஒரு தடவையாவது ஏதாவது மைதானத்தில் அடித்துப் பழகுங்கள். எந்தக் கம்பு எந்த உறையில் போகும் என்பதைக் காற்றிலும் மங்கிய வெளிச்சத்திலும் நின்று கண்டுபிடிப்பது பெரிய பாடு.

கேரவன் இழுத்துப் பழக்கமில்லாதவர்கள் எடையைப் பங்கிடுவதில் கவனமாக இருக்க வேண்டும். கனமான சாமான்கள் அச்சுக்கு மேலே, தரையை ஒட்டி இருக்கட்டும். எல்லாவற்றையும் பின்பக்கம் அடைத்தால், வேகம் எடுக்கும்போது கேரவன் பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். கேரவனைக் காரோடு பூட்டும் கொக்கியின் மேல் இறங்கும் எடை, சாமானோடு சேர்ந்த மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. உங்கள் காருக்கும் கொக்கிக்கும் உள்ள உச்ச அளவைக் கையேட்டில் பார்த்து, அதைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும்போது கேளுங்கள்

படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போன் போட்டுப் பேசுங்கள். எங்களுக்குத் தரும் இடம் புல்தரையா, சரளைக்கல் தரையா, மணலா? கடல் பக்கம் திறந்த வெளியா, இல்லை வேலி மறைப்பு உண்டா? கரண்ட் இணைப்பு உண்டா, எத்தனை ஆம்பியர்? கழிப்பறை எவ்வளவு தூரம்? கடற்கரைக்குப் போகும் பாதை படிக்கட்டா, சரிவா? உயிர்காப்பாளர்கள் எந்த மாதங்களில் இருப்பார்கள்?

இவற்றில் கழிப்பறைத் தூரத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளையோடு ராத்திரி மூன்று முறை நடப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். ரொம்பப் பக்கத்திலும் வேண்டாம், விடிய விடியக் கதவுச் சத்தம் கேட்கும். ஒரு நிமிட நடைத் தூரம் சரியாக இருக்கும்.

கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு எப்போதும் போட்டி. கூடாரக்காரர்கள் இரண்டாவது மூன்றாவது வரிசையைக் கேளுங்கள். ஒரு புதர்வேலியோ மணல்மேடோ முன்னால் இருந்தால் காற்றின் வேகம் பெரிதும் தணியும்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்

பெரும்பாலான பூங்காக்களில் மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். மாலை நாலு மணிக்குள் போய்ச் சேரும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள். முதல் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே செய்து எடுத்துவந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

வாசலைத் தாண்டியதும் வண்டி நடைவேகத்தில்தான் போக வேண்டும். சைக்கிளில் திரியும் பிள்ளைகள் கேரவன்களின் இடுக்கிலிருந்து திடீரென்று வெளியே வருவார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் கட்டாயம் இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும். 1885-இல் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த கேரவனைக் குதிரைகள் பூட்டி இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துவரை ஓட்டிப்போனார். அவரே வழியைப் பார்க்க முன்னால் ஒரு ஆளை மூன்றுசக்கர மிதிவண்டியில் அனுப்பினார். இன்று கேமராவும் சென்சாரும் வந்துவிட்டாலும், பின்னால் ஒரு ஆள் நிற்பதற்கு ஈடாகாது. அவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் ஓட்டுநர் பிரேக் பிடித்து நிறுத்திவிட வேண்டும். கிளம்பும் முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குடும்பங்களின் கேரவன்களுக்கோ கூடாரங்களுக்கோ இடையே 6 மீட்டர் இடைவெளி பல பூங்காக்களில் விதி. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காகத்தான். இடம் சும்மாதானே கிடக்கிறது என்று அதில் காரை நிறுத்துவதோ சின்னக் கூடாரம் போடுவதோ வேண்டாம்.

கேரவனை நிறுத்தியதும் முதலில் இடவலமாகச் சமப்படுத்துங்கள், தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் சரிவுக்கட்டை வைத்து. பிறகு கைபிரேக் போட்டுச் சக்கரத்துக்கு அண்டைக்கட்டை கொடுங்கள். அதன் பிறகு கொக்கியருகே இருக்கும் சின்ன முன்சக்கரத்தைத் திருகி முன்பின் சமம் பார்க்கலாம். நாலு மூலைக் கால்களைக் கடைசியில்தான் இறக்க வேண்டும். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், கேரவனைத் தூக்க அல்ல. தூக்கினால் அடிச்சட்டம் வளையும். சமமாக நிற்காத கேரவனில் கேஸில் ஓடும் பிரிட்ஜும் சரியாகக் குளிராது.

காற்றும் முளையும்

சாமானை இறக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வேலிப் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? மரம் இருந்தால் அதன் கிளைகள் எந்தப் பக்கமாக வளர்ந்திருக்கின்றன? கடலோர மரங்கள் பல வருடக் காற்றைத் தங்கள் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும். பிறகு வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வாடை என்றால் வடக்கிலிருந்து, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வருவது என்று நாம் சொல்வதைப் போலவே, அறிவிப்பிலும் காற்றுக்கு அது புறப்படும் திசையின் பெயர்தான். வடமேற்குக் காற்று என்றால் வடமேற்கிலிருந்து வருகிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கூடாரத்தைத் திருப்பி அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெயில் நாட்களில் கடலோரக் காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பகலில் தரை சீக்கிரம் சூடாகிவிடுவதால் கடற்காற்று உள்ளே வரும். ராத்திரி தரை சீக்கிரம் ஆறிவிடுவதால் நிலக்காற்று கடலை நோக்கிப் போகும். ஆகவே மதியம் அமைதியாக இருந்த பக்கத்திலிருந்து ராத்திரி காற்று வரலாம். புயலோ பெரிய வானிலை மாற்றமோ வந்தால் இந்த ஒழுங்கெல்லாம் கலைந்துவிடும். அறிவிப்பில் அடுத்த இரண்டு நாட்களையும் சேர்த்துப் பாருங்கள்.

நீளக் கூடாரமானால் குறுகிய, தாழ்ந்த பின்பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். வாசல் அதற்கு எதிர்ப்பக்கம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் விழும் விசை நாலு மடங்காகும். அதனால்தான் இதமான காற்றில் அசையாமல் நின்ற கூடாரம் கொஞ்சம் வேகம் கூடியதும் துள்ளத் தொடங்குகிறது.

முளை அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கூடாரம் விழுவதில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது. முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளியே சாய்ந்தும், கூர்முனை கூடாரத்தின் அடிப்பக்கம் போகும்படியும் அடியுங்கள். கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் காற்று இழுக்க இழுக்க மண் பிடித்துக்கொள்ளும். நேராகச் செங்குத்தாக அடித்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அடித்து முடித்ததும் கயிறை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். முளையின் கழுத்தருகே மண் லேசாகப் பிளந்து அசைந்தால் அது போதாது. பிடுங்கி ஒரு சாண் தள்ளி அடியுங்கள்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மணல் கலந்த தரைக்கு உதவாது. அகலமான, நீளமான மணல் முளை தனியாக வாங்குங்கள். அதுவும் நிற்காவிட்டால் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, முழங்கை ஆழக் குழியில் போட்டு மூடி மிதியுங்கள். எந்த முளையையும்விட அது நன்றாகப் பிடிக்கும். சரளைத் தரைக்குத் தடித்த எஃகு ஆணி முளையும் கனமான சுத்தியலும் வேண்டும்.

கேரவனின் பக்கத்தில் பொருத்தும் முற்றக் கூடாரத்தைக் காற்று முதலில் பிடித்துக்கொள்ளும். அதற்குப் புயல் பட்டை என்று, கூரைமேல் போட்டு முனைகளைத் தரையில் கட்டும் ஒரு அகலப் பட்டை உண்டு, கட்டாயம் போடுங்கள். குடை பிடிக்கவே சிரமமாக இருக்கும் காற்று, அதாவது மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும் காற்று அறிவிக்கப்பட்டிருந்தால், முற்றக் கூடாரத்தை வெளிச்சம் இருக்கும்போதே கழற்றிச் சுருட்டிவிடுவேன். தேவையில்லாத வேலையாகவே முடிந்தாலும் பரவாயில்லை. நடு ராத்திரி இருட்டில், படபடக்கும் துணியையும் கம்பையும் பிடித்துக் கழற்றுவதில் கை, முகம் எல்லாம் அடிபடும்.

கரண்ட், தண்ணீர், கழிவு

கரண்ட் கம்பியை முதலில் கேரவனில் சொருகி, பிறகு பூங்காவின் கம்பத்தில் சொருகுங்கள். கழற்றும்போது கம்பத்தில் முதலில். கையில் கரண்ட் பாயும் கம்பி இருக்கக்கூடாது என்பதற்காக இந்த வரிசை. கம்பியைச் சுருளாக வைத்தபடியே கரண்ட் பாய விடாதீர்கள், சுருளுக்குள் சூடேறி உறை உருகிவிடும். முழுக்கப் பிரித்துக் கேரவனின் அடியில் தளர்வாகப் போடுங்கள்.

ஆம்பியர் கணக்கு எளிது. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2300 வாட். வீட்டில் பயன்படுத்தும் கெட்டில் ஒன்றே 2000 முதல் 3000 வாட் இழுக்கும். கெட்டிலும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் கம்பத்தில் ட்ரிப் ஆகிவிடும். 1000 வாட்டுக்குக் குறைவான சின்னக் கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடிநீர்க் குழாயும் கழிவுத் தொட்டி கழுவும் குழாயும் வெவ்வேறு. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுப் பிடியுங்கள். பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பும்போது எந்தக் குழாய் என்று கூட்டிப்போய்க் காட்டிவிட்டு அனுப்புங்கள். உருட்டிக்கொண்டு வரும் தண்ணீர்ப் பீப்பாய் 40 லிட்டர் பிடிக்கும், அதாவது 40 கிலோ. அதைத் தூக்க முயலாதீர்கள். பாத்திரம் கழுவிய நீரைப் புல்லில் கொட்டாமல் அதற்கென்று உள்ள இடத்தில் ஊற்றுங்கள்.

கேரவனுக்குள் இருக்கும் கேசட் டாய்லெட்டில், தனியே கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டி பொதுவாக 20 லிட்டருக்குள்தான் இருக்கும். முழுக்க நிறையும்வரை காத்திருந்தால் கனமும் அதிகம், சிந்தவும் வாய்ப்பு அதிகம். முக்கால் நிறைவதற்குள் கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் ஊற்றிக் கழுவி, ரசாயனத்தை அளவாகச் சேர்த்துத் திரும்பப் பொருத்துங்கள். விடியற்காலையில் போனால் வரிசை இருக்காது.

நெருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். அணைந்துவிட்டதாகத் தெரிந்தாலும், மழை பெய்தாலும், குளிர் நடுக்கினாலும் கூடாது. ஆறிவரும் கரியிலிருந்து பல மணி நேரம் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். முற்றக் கூடாரமும் கூடாரம்தான். கேஸ் அடுப்பையோ கேஸ் விளக்கையோ அறைச் சூட்டுக்காக எரிய விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். தலைவலி, மயக்கம், குமட்டல் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே வெளியே வந்து உதவிக்கு அழையுங்கள்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். கேரவன் தரையில் இருக்கும் சின்ன ஓட்டைகள் அது வெளியேறத்தான் வைக்கப்பட்டவை. குளிர் அடிக்கிறதென்று துணி வைத்து அடைக்காதீர்கள். கேஸ் வகையையும் பாருங்கள். பியூட்டேன் 0 டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதை நிறுத்திவிடும். குளிர்கால மாதங்களில் போவதானால் புரொப்பேன்தான் எரியும், அது -42 டிகிரிவரை ஆவியாகும்.

கடலில் இறங்குவதற்கு முன்

பூங்கா அலுவலகத்தில், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று காட்டும் ஏற்றவற்ற அட்டவணை ஒட்டியிருப்பார்கள். போன உடனே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று பத்து மணிக்கு நிறைந்த கடல் இன்று ஏறக்குறைய பத்தே முக்கால், பதினொன்றுக்குத்தான் நிறையும். "நேற்று இந்த நேரம் மணல் இருந்ததே" என்று நம்பிப் போகக்கூடாது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும்.

எவ்வளவு ஏறும் என்பது கரைக்குக் கரை மாறும். மத்தியதரைக் கடலின் பல இடங்களில் வித்தியாசமே தெரியாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர்வரை போகும். ஏற்றம் ஒரே சீராகவும் வராது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதிக் கடல் வந்துவிடும். முதல் மணி நேரத்தைப் பார்த்து "மெதுவாகத்தான் வருகிறது" என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாங்களும் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் மேடான மணல் திட்டில் பாய் விரித்திருந்தோம். கடல் முன்னாலிருந்துதான் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க, என் மகள் திரும்பிப் பார்த்து, "அப்பா, நாம வந்த வழியில தண்ணி இருக்கு" என்றாள். திட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கடல் சத்தமில்லாமல் சுற்றி வந்திருந்தது. முழங்கால் அளவுதான், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டோம். இன்னும் கால் மணி போயிருந்தால் என் இடுப்புக்கு வந்திருக்கும். மணல் திட்டிலும், பாறை முனைக்கு அப்பால் இருக்கும் சின்னக் கடற்கரையிலும் உட்காரும்போது, திரும்பும் நேரத்துக்குப் போனில் அலாரம் வையுங்கள். வற்றம் முடியும் நேரம்தான் அது.

கொடிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பல நாடுகளில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் குளிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது அலைப்பலகைக்காரர்களுக்கு. முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் கடல் தட்டையாக, அழகாக இருக்கும். அன்றைக்குத்தான் ஊதிய மிதவைகளைக் கடலில் விடக்கூடாது. குழந்தை அதன் மேல் இருக்க, நீங்கள் நீந்தி எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் காற்று அதைக் கொண்டுபோகும்.

அலைகள் வரிசையாக உடையும் இடத்தில் நடுவே மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரியும் பட்டையைக் கண்டால் விலகிப்போங்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் இழுப்பு அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக் கையை உயர்த்துங்கள். நீந்தத் தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகு கரைக்கு வாருங்கள். மற்றவர் மாட்டியிருந்தால், பின்னாலேயே குதிக்காமல் உயிர்காப்பாளரைக் கூப்பிட்டு, மிதக்கும் எதையாவது வீசுங்கள்.

மேகமூட்டமான நாளிலும் வெயில் சுடும். புற ஊதாக் கதிர் மெல்லிய மேகத்தைக் கடந்து வரும், காய்ந்த மணலும் அதில் 15 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். குடைக்கடியில் இருக்கும் கைக்குழந்தைக்கும் தொப்பி போடுங்கள்.

பிள்ளைகள் பூங்காவுக்குள்

முதல் நாளே கழிப்பறைவரை பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். திரும்பும் வழியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கேரவன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் இடத்தில் ஒரு கம்பில் வண்ணத்துணி கட்டிவிட்டால் சின்னவர்களுக்கு அடையாளம். இடத்தின் எண்ணையும் உங்கள் போன் எண்ணையும் மணிக்கட்டுப் பட்டையில் எழுதிவிடுங்கள். இழுகயிறுகளில் சின்னத் துணி முடிச்சு போட்டால் ஓடும்போது தடுக்கி விழ மாட்டார்கள். ராத்திரி பத்து மணி வாக்கில் அமைதி நேரம் தொடங்கும். துணிச்சுவர் சத்தத்தை மறைக்காது, மெதுவாகப் பேசுவதும் நன்றாகவே அடுத்த கூடாரத்துக்குக் கேட்கும்.

கிளம்பும் நாள்

காலையிலேயே காலி செய்யச் சொல்வார்கள். கூடாரத்தின் மேல் பனி ஈரம் காய ஒரு மணி நேரமாவது வேண்டும், அதனால் எழுந்ததும் முதல் வேலையாக வாசல்களைத் திறந்து விடுங்கள். முளைகளை எண்ணிப் பைக்குள் போடுங்கள். இருபது அடித்திருந்தால் இருபதும் வர வேண்டும். புல்லில் மறைந்த ஒரு முளை, அடுத்து வரும் பிள்ளையின் வெறுங்காலில் ஏறும்.

கேரவனின் மேற்கூரை ஜன்னல், மூலைக்கால், கரண்ட் கம்பி, கேஸ் வால்வு என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டுச் சரிபாருங்கள். ஒருவர் சரிபார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்ப்பது எங்கள் வழக்கம்.

வீடு போன மறுநாளே கூடாரத்தைப் பிரித்து, நல்ல தண்ணீரில் உப்பை அலசி, ஜிப்களையும் கம்புகளின் இணைப்புகளையும் துடைத்துக் காயப்போடுங்கள். ஈரமாகச் சுருட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஜிப்பின் பல்லிடுக்கில் நின்ற மணலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டால், அடுத்த முறை வாசல் சிக்காமல் மூடும்.